வானத்தில் யாரும் ‘போதும்’ சொல்லவில்லை

தம்பி,

உன் கைப்பையில், பாஸ்போர்ட் வைக்கும் உறைக்குப் பின்னால் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன். பெர்த்துக்குப் போகிற விமானம் மேலே ஏறி, இடுப்பு வார் விளக்கு அணைந்து, தள்ளுவண்டியோடு அந்தப் பெண் வருவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். வண்டி வந்துபோன பிறகு படித்தால் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் கவிதாவிடம் காட்டாதே. உன் பெண்டாட்டி டீச்சர், சிவப்பு மையால் திருத்தி மார்க்கு போட்டு அனுப்பிவிடுவாள்.

பிள்ளை ஊரைவிட்டுப் போகும்போது அப்பன் புத்திமதி சொல்வது வழக்கம். என்னிடம் புத்தி எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க நீயே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என் பேங்க் கணக்கு மைனஸ் நூற்று எழுபத்தேழு வெள்ளிக்கு இறங்கியதே, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அது முடிந்துபோன விஷயம் என்று நீ நினைக்கிறாய். ஆனால் பேங்கை விட்டு வெளியே வந்தபோது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்த முகத்தோடு நீ பெர்த்தில் இறங்கக் கூடாது. அதனால் நான் மறைத்ததையும் சேர்த்து, முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கம்மா இருந்தவரை எனக்குக் கணக்கு என்று ஒன்று தனியாகக் கிடையாது. செம்பனைப் பழக்குலை ஏற்றுகிற லாரி ஓட்டிக் கொண்டுவந்த சம்பளத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். கடையில் நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருப்பேன், அவள் ‘போதும்’ என்பாள், நான் நிறுத்துவேன். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் போனது. அவள் போன பிறகு நீ ஒரு கார்டு வாங்கிக் கொடுத்து, மாசா மாசம் அதில் அறுநூறு வெள்ளி போட ஆரம்பித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கம்மா வேலையை அந்த மிஷினுக்குக் கொடுத்துவிட்டேன். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஜமால் பாய் கடையில் வேண்டியதை எடுப்பேன், கார்டைக் கொடுப்பேன். மிஷின் சீட்டு துப்பினால் காசு இருக்கிறது, துப்பாவிட்டால் இல்லை.

“அண்ணே, போகல,” என்பார் பாய்.

“சரி, அந்தப் பால்மாவ எடுத்துட்டுப் போடுங்க.”

“இப்பவும் போகலண்ணே.”

“அப்ப அந்த மத்தி டின்னையும் எடுங்க. மிஷினுக்கு என்ன கோவமோ.”

“மிஷினுக்குக் கோவம் இல்ல. ஒங்களுக்குத்தான் வெக்கம் இல்ல.”

பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நம்ம ரெங்கம் ஊரில் அது ஒரு தினசரி வேடிக்கை. மாசக் கடைசியில் எந்தச் சாமான் அலமாரிக்குத் திரும்பும் என்று பாய் கடைப் பையன்கள் பந்தயம் கட்டுவார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கையில் இருப்பதற்கு மேலே போக முடியாது என்கிற நிம்மதி இருந்தது. யாரோ ஒருவர் ‘போதும்’ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா.

இப்போது பினாங்குக்கு வருகிறேன். உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு உனக்கு சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை, எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய். எழுபத்தோரு வயதில் முதல் விமானம். செனாய் ஏர்போர்ட்டில் என்னை இறக்கிவிட்டு, மொய்க் கவரைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டு, “கார்டுல காசு இருக்காப்பா?” என்று கேட்டாய். “இருக்கு இருக்கு,” என்றேன். இருந்தது எழுபத்திரண்டு வெள்ளி. அந்த எண் அன்றைக்கு எனக்குத் தெரியாது, பிற்பாடு பேங்கில்தான் தெரிந்தது. ஆனால் குறைச்சல் என்று தெரியும். இரண்டு நாளைக்கு முன்புதான் பாய் கடையில் பால்மா அலமாரிக்குத் திரும்பியிருந்தது.

விமானத்தில் முழுக்கத் தூங்கிவிட்டதாக உன்னிடம் சொன்னேன். பொய். ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. எனக்கு ஒரு பக்கம் பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி, மறு பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. வண்டி வந்தது. நாசி லெமாக் சோற்று வாசனை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நீ தேங்காய்ப் பால் கூடாது என்று சொல்லியிருக்கிறாய், எல்லாம் ஞாபகம் இருந்தது. மறதி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு நாசி லெமாக், ஒரு இனிப்புக் காப்பி கேட்டு, கார்டை நீட்டினேன். இருபத்து நாலு வெள்ளி. சீட்டு வந்தது.

பக்கத்தில் இரண்டு பேரும் என் தட்டையே பார்த்தால் எனக்கு எப்படி இறங்கும்? அவர்களுக்கும் வாங்கினேன். நாற்பத்தைந்து. இந்தத் தடவை மிஷின் மறுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். மறுத்தால் “அலமாக், மிஷினுக்குக் கோவம்” என்று சிரித்துவிட்டு இருக்கலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். சீட்டு வந்தது. வண்டியின் கீழ்த்தட்டில் வாசனைத் தண்ணிப் புட்டிகள் இருந்தன. உன் அத்தைக்கு நான் ஜென்மத்தில் ஒன்றும் வாங்கிக் கொடுத்ததில்லை என்று அவள் முப்பது வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நூற்றிருபது வெள்ளி. நிச்சயம் போகாது என்று தெரிந்தே நீட்டினேன். சீட்டு வந்தது.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் மனதில் என்ன ஓடியது என்று உன்னிடம் பேங்கில் ஒரு வரியில் சொன்னேன், இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். உங்கம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் வெளியூருக்கு லோடு எடுத்துப் போகிற நாளில், துவைத்து மடித்த சட்டைப் பையில் ஒரு பத்து வெள்ளி நோட்டை வைத்துவிடுவாள். சொல்ல மாட்டாள். நானும் பெக்கோக்கிலோ சிகாமட்டிலோ வண்டியை நிறுத்திப் பைக்குள் கைவிடும்போது கண்டுபிடிப்பேன். வீட்டுக்கு வந்து கேட்க மாட்டேன். நன்றி சொன்னால் அதற்குப் பிறகு வைக்க மாட்டாளோ என்று எனக்குப் பயம். கடைசிவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது இதுதான்: பையன் அம்மாவைப் போல வந்திருக்கிறான். சொல்லாமல் போட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? வண்டித் தட்டில் ஒரு பொம்மை விமானம் இருந்தது, அறுபது வெள்ளி. கவிதாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீ அந்த வாரம்தான் சொல்லியிருந்தாய். அதையும் வாங்கினேன். மலாய்க்கார அம்மா, பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி, “பாக்சிக் பெரிய பணக்காரரோ?” என்று கேட்டாள். “நான் இல்ல, என் மவன்,” என்றேன். அந்தப் பிள்ளை பினாங்கில் இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளவரசன் மாதிரி இறங்கினேன் போ.

வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் போட்டதை நான் கேட்டுக் கெடுப்பானேன்? அத்தைக்கு வாங்கிக் கொடுத்ததைப் பற்றியும் அவளை வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பொம்மையை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

நான் பறந்தது வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் சனிக்கிழமை நீ கவிதாவையும் கூட்டிக்கொண்டு ஜேபி வீட்டிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். போனைக் காட்டினாய்.

“ப்பா, வியாழக்கிழமை எங்க போனீங்க?”

“மழடா. வீட்டுலதான் இருந்தேன்.”

“யாருக்காச்சும் கார்டு குடுத்தீங்களா?”

“இல்லயே. இந்தா, பையிலயே இருக்கு.”

“வியாழக்கிழமை நாலு தடவ கார்டு அடிச்சிருக்கு. எல்லாம் சிப்பாங்னு போட்டிருக்கு. மைனஸ்ல போயிருச்சுப்பா. சிப்பாங்குக்கு எப்படிப் போனீங்க?”

சிப்பாங் எங்கே, ரெங்கம் எங்கே. போய்வர ஒரு நாள் வேண்டும். வியாழக்கிழமை நான் வாசல் தாண்டவில்லை. விமானத்தில் வாங்கியது என் மண்டைக்கு எட்டவே இல்லை தம்பி. எனக்குத் தெரிந்த வரைக்கும் சீட்டு வந்தால் காசு அந்த நிமிஷமே போய்விட்டது, வெள்ளிக்கிழமை கதை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. அதுவும் நீ போட்ட காசில் முடிந்தது. வியாழக்கிழமை வந்த நாலு வரி வேறு யாரோ செய்த வேலை.

இங்கேதான் நான் ஒரு கெட்ட காரியம் செய்தேன். நீ என்னையே உற்றுப் பார்த்தாய். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “பாய் கடை மிஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும். அங்கதான நான் எப்பவும் அடிக்கிறது,” என்று சொல்லிவிட்டேன். நீ நேரே கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டாய். பதினாறு வருஷமாக என்னோடு சிரித்துப் பேசின மனுஷன், அன்றைக்குத் தன் மிஷின் சீட்டுக் கட்டை எடுத்து உன் முன்னால் வைத்தார். அடுத்த நாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது, “காசா குடுங்கண்ணே,” என்றார். அவ்வளவுதான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை.

தப்பு பாய்மேல் இல்லை என்று தெரிந்ததும் மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். நீ என்னிடம் நேராகச் சொல்லவில்லை. கவிதாவிடம் அடுப்படியில் சொன்னதை நான் முன்னறையில் இருந்து கேட்டேன்.

“அவரு எங்கயோ போறாரு, போனது ஞாபகம் இல்ல. நாம பெர்த் போயிட்டா யாரு பாக்குறது? கார்ட வாங்கி வச்சிரணும். வீட்ட வாடகைக்கு விட்டுட்டு, ஜேபில அந்த முதியோர் இல்லத்துல கேட்டுப் பாக்கலாம்.”

கவிதா, “மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. மாமா நம்மளவிட தெளிவாதான் பேசுறாரு,” என்றாள். அவளுக்கு நான் எத்தனை மார்க்கு வேண்டுமானாலும் போடுவேன்.

குளுவாங்கில் அந்த டாக்டர் பெண்ணிடம் நான் குறும்பு பண்ணினேன் என்று உனக்குக் கோபம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். “ஏன் டாக்டர், ஒங்களுக்கும் மறந்துருச்சா?” என்றேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். “ரம்புத்தான் பழமா, காசா? காசுன்னா என் மவன் கிட்டதான் கேக்கணும்,” என்றேன். அவள் சிரித்தாள், நீ சிரிக்கவில்லை. ஆனால் தம்பி, போகிற வழியெல்லாம் காரில் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்ததை நீ கவனித்தாயா? நான் ஓட்டின ஐந்து லாரியின் நம்பரையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலாவது லாரியில் ஒரு எண் வரவில்லை. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று டாக்டரிடம் சரியாகக் கழித்துக்கொண்டே, மனதுக்குள் அந்த ஒரு எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே நான் சிப்பாங்குக்குப் போயிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம். அந்த ஒரு வாரம் என் வீட்டுச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுத்தேன். எனக்குப் போனது காசு இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில், நானே சோறு பொங்கித் தின்றுகொண்டு, என் கதவை நானே பூட்டித் திறக்கிற அந்த ஒன்று போய்விடுமோ என்பதுதான் பயம்.

டாக்டர், “அங்கிள் நல்லாத்தான் இருக்காரு, பேச்சுதான் ஜாஸ்தி. பேங்க்ல கேட்டுப் பாருங்க,” என்றாள். அங்கே இருந்து நேரே பேங்குக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை அந்த நாலு வரியைப் பார்த்ததுமே கேட்டாள்.

“அங்கிள், நீங்க ப்ளேன்ல ஏதாச்சும் வாங்குனீங்களா?”

“இவரா? இவரு ப்ளேன்ல தூங்கிட்டாரு,” என்றாய் நீ.

நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

அவள் விளக்கினதை நீ கேட்டாயோ என்னவோ, நான் கேட்டேன். கடையில் இருக்கிற மிஷின், கார்டை வைத்ததும் லைன் வழியாகப் பேங்கைக் கேட்கும், இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா என்று. இல்லை என்றால் அங்கேயே மறுத்துவிடும். ஆகாயத்தில் லைன் கிடையாது. அந்த மிஷின் யாரையும் கேட்காது. கார்டைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு, சீட்டை மட்டும் கொடுத்துவிடும். விமானம் இறங்கிய பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேங்குக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர நாள் ஆகும். சேருகிற அன்றைக்குத்தான் கணக்கில் கழியும், அந்தத் தேதிதான் போடும், அந்த விமானக் கம்பெனி ஆபீஸ் இருக்கிற சிப்பாங்தான் ஊர் பெயராக வரும். நான் சாமானைத் தின்று தீர்த்தாகிவிட்டது, அதனால் பேங்க் கொடுத்தே ஆக வேண்டும். கணக்கில் இல்லாவிட்டால் மைனஸ். வண்டி வருவதற்குள் படி என்றது இதற்குத்தான், அங்கே உனக்கு நீயேதான் ‘போதும்’ சொல்லிக்கொள்ள வேண்டும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. செம்பனை ஆலையில் கரண்டு போகிற நாளில் எடைமேடை வேலை செய்யாது. கணக்கெழுதுகிற கிராணி என்ன செய்வார்? லாரி நம்பரையும் குலைக் கணக்கையும் நோட்டில் எழுதிக்கொண்டு, “போ போ, அப்புறம் பாத்துக்கலாம்,” என்று உள்ளே விட்டுவிடுவார். கரண்டு வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றுவார். நான் இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை, “அதேதான் அங்கிள். நான் இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்,” என்றாள். பேங்குக்கே பாடம் எடுத்த ஆளை நீ இல்லத்தில் சேர்க்கப் பார்த்தாய்.

பிறகு நீ கேட்டாய். “காசு கம்மின்னு தெரியும்ல? அப்புறம் ஏன்ப்பா அடிச்சீங்க?”

“நீ போட்டேன்னு நெனச்சேன்.”

“நான் எதுவும் போடலப்பா,” என்றாய். அப்போதுதான் அந்த முகம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அப்பனை முதல் தடவை விமானத்தில் ஏற்றி அனுப்பும்போது கையில் நூறு வெள்ளி கூடக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று நினைத்திருப்பாய். நான் கண்டேன்.

அதற்குத்தான் இத்தனை பக்கம். உன்மேல் ஒரு குறையும் இல்லை. நீ கேட்டாய், நான் ‘இருக்கு இருக்கு’ என்றேன். வாய் என்னுடையது. ஒன்றே கால் மணி நேரம் நான் உன்னைப் பற்றி எவ்வளவு பெருமையாக அந்த ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அது மைனஸில் வந்தது என்பதற்காக அந்தப் பெருமை பொய்யாகிவிடாது. நூற்று எழுபத்தேழு வெள்ளிக்கு அது மலிவு.

பாயிடம் அன்று மாலையே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கடை நிறைய ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து, சத்தமாகவே கேட்டேன். அவர் முகத்தைக் காட்டாமல் முட்டை அடுக்கிக்கொண்டே, “மன்னிப்புக்கெல்லாம் நம்ம கடையில கார்டு எடுக்கிறதில்லண்ணே. ரொக்கம்தான்,” என்றார். ரொக்கமாக ஒரு பால்மா டின் வாங்கிக்கொண்டு வந்தேன். நீயும் கிளம்புகிறதுக்கு முன்னால் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசினாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

கார்டை என்னிடமே விட்டாய், வீட்டையும் விட்டாய். அதற்கு நான் கொடுத்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஏடிஎம்முக்குப் போய் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். அதிலிருந்து நான் செலவு செய்வதைக் கழித்துக்கொண்டே வருகிறேன், டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி. இப்போதெல்லாம் பால்மா அலமாரிக்குத் திரும்புவதில்லை. பாய் கடைப் பையன்களுக்குப் பந்தயம் கட்ட வழியில்லாமல் போய்விட்டது. அந்த நாலாவது லாரி நம்பரும் போன வாரம் குளித்துக்கொண்டு இருக்கும்போது தானாக வந்துவிட்டது. கடைசி எண் ஏழு.

உன் பெட்டியில் நீல நிறக் காலுறைக்குள் அந்தப் பொம்மை விமானம் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் கொடு. அதற்குப் பேர் மைனஸ் என்று வைத்திருக்கிறேன், பொம்மைக்குத்தான்.

இன்னும் ஒன்று. இந்தச் செவ்வாய்க்கிழமை என் காலண்டர் கணக்குப்படி நூற்றுப் பதினெட்டு வெள்ளி இருந்திருக்க வேண்டும். மூன்று தடவை கழித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஏடிஎம் நானூற்றுப் பதினெட்டு என்றது. நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே. அது உன் வேலை இல்லையென்றால் மட்டும் இறங்கினதும் ஒரு போன் போடு, நான் அடுத்த புதன்கிழமை வரைக்கும் அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

போன் வராது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,

உன் அப்பா